வெட்டுப்பட்ட வாயை எழுதியவர்

"சார், ஒருத்தரோட நாக்கு நுனிய வெட்டிட்டா தமிழ்ல எந்தெந்த எழுத்து சாவும்?"

பேச்சுப் பயிற்சியாளர் அமலோற்பவமேரி என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி இது. என் மனைவி கமலாவைப் பக்கவாதம் தாக்கி, பேச்சு குழறிப்போயிருந்த நேரம். வில்லியனூரில் அவர் நடத்திவந்த சிறிய பயிற்சி அறைக்குக் கமலாவை அழைத்துப் போயிருந்தேன். பாகூர்ப் பக்கத்துப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று நான் சொன்னதும், வணக்கம்கூடச் சொல்லாமல் இதைத்தான் கேட்டார்.

நானும் ஆசிரியன் அல்லவா? கேள்வி எப்படிப்பட்டதாக இருந்தாலும் வாய் பதில் சொல்லத் தொடங்கிவிடும். "த, ந, ட, ண, ல, ள, ர, ழ, ற, ன. ச-வும் பாதி போய்விடும்" என்றேன்.

"பொழைக்கிறது?"

"உதடு இருந்தால் ப, ம, வ. அடிநாக்கு இருந்தால் க, ங. உயிரெழுத்துகளுக்குப் பெரிய சேதமில்லை."

"அப்ப 'அம்மா' பொழைச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு, கமலாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தார்.

அந்த அமலி மேடம் போய்விட்டார். போன மாதம் ஒரு காலையில் எனக்கு அந்தச் செய்தியைச் சொன்னவர் தனக்கோட்டியம்மாள். அவருக்கு முன்நாக்கு கிடையாது. கைப்பேசியில் அவர் குரல், "ஹா... அமயி மேஅம் போயிஆங்க" என்றது. வேறு யாராக இருந்தாலும், 'யாரும்மா பேசறது, இன்னா சொல்ற' என்று கேட்டிருப்பார்கள். எனக்கு ஒருமுறை கேட்டதே போதுமானதாக இருந்தது. உறுவையாற்றிலிருந்து ஸ்கூட்டரில் வந்தவரைச் செங்கல் ஏற்றிய லாரி ஒன்று பின்னாலிருந்து அடித்து, சாலையோடு சாலையாக இழுத்துப் போயிருக்கிறது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவருடைய கோபத்தையும் அறிவீர்கள். அதை விட்டுவிட்டு அஞ்சலி எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதியதாகிவிடும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருநாள் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி, நோயாளி ஒருவரின் பேச்சை ஒலிக்குறிகளில் எழுதித் தந்தாள். ஒலிக்குறி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'பல்' என்று எழுதுகிறோம், 'அன்பு' என்றும் எழுதுகிறோம். இரண்டிலும் அதே ப-தான். ஆனால் முன்னதில் உதடு வெடிக்கிறது, பின்னதில் தொண்டையும் சேர்ந்து அதிர்கிறது. நம் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. காட்டத் தேவையும் இல்லை. வாய் செய்ததை அப்படியே காட்ட வேண்டியவர்களுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. பாதி எழுத்துகள் ஆங்கிலம் போலத் தெரியும். மீதிக்குக் கொக்கியும் வாலும் வளையமும் இருக்கும். அதில் நெடிலைக் காட்ட ː என்று ஒரு குறி. உற்றுப் பாருங்கள், அவை புள்ளிகள் அல்ல; இரண்டு சிறு முக்கோணங்கள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கின்றன. அந்தப் பெண் அதற்குப் பதிலாக விசைப்பலகையில் இருந்த முக்காற்புள்ளியைத் தட்டிவிட்டாள்.

"இது இன்னாடி?"

"நெடில் மேடம்."

"இது கோலன்டி. மளிகை லிஸ்ட்டுக்கு மேல வைக்கிறது."

"பாக்க ஒரே மாதிரிதான மேடம் இருக்கு."

அமலி மேடம் விசைப்பலகையைப் பிடுங்கி மேசை விளிம்பில் ஓங்கி அடித்தார். விசைகள் அரிசிப்பொரி போலத் தெறித்தன. அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கமலாவின் மடியில் ஒரு விசை வந்து விழுந்தது. கமலா அதை இடது கையால் எடுத்து நீட்டி, "இந்தா" என்றாள். நோய்ப்பட்ட பிறகு அவள் வாயிலிருந்து முழுதாக வந்த முதல் சொல் அது. அமலி மேடம் அந்த மாணவியைப் பார்த்து, "எழுதுடி இத்த. கோலன் போட்ட, கொன்னுடுவன்" என்றார்.

அந்தக் கோபத்தின் காரணத்தை எனக்குப் பிறகு விளக்கினார். கணினிக்கு எழுத்தின் உருவம் தெரியாது, எண்தான் தெரியும். உலகத்து எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயர் யூனிகோடு. நான் இதை என் பழக்கப்படி வகுப்பறையாக்கிப் புரிந்துகொண்டேன். வருகைப் பதிவில் முருகனுக்கு ஓர் எண் உண்டு. அவன் வெள்ளைச் சட்டையில் வந்தாலும் காக்கியில் வந்தாலும் அந்த எண் அவனுடையது. சட்டைதான் எழுத்துரு. பழைய தமிழ் எழுத்துருக்களில் நடந்தது என்னவென்றால், ஆங்கில எழுத்தின் எண்ணில் தமிழ் எழுத்தை உட்கார வைத்து 'உள்ளேன் ஐயா' சொல்ல வைத்தார்கள். அதே எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும். இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும்.

"மூஞ்சி மாறலாம் சார், நம்பர் மாறக் கூடாது. நம்பர் மாறிச்சின்னா அந்தாளு பேசுன பேச்சே வேற ஆளு பேச்சாயிடும்" என்றார்.

இனி தனக்கோட்டியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் சுமதி. சுமதியின் கணவன் குடித்துவிட்டு அவளை அடிப்பவன். ஒருநாள் மாமியார் வீட்டுக்கே வந்து, சுவரில் செருகியிருந்த கரும்புக் கத்தியை உருவி அவள் கழுத்தில் வைத்திருக்கிறான். தாய் குறுக்கே பாய்ந்தார். கத்தி அவர் கன்னத்தைக் கிழித்து, பற்களை உடைத்து, நாக்கின் முன்பகுதியை எடுத்துக்கொண்டு போயிற்று. மறித்த வலது கையில் நரம்புகள் அறுந்தன. அறுவை மருத்துவர்கள் உயிரை மீட்டார்கள். பேச்சை மீட்க முடியவில்லை. அவருக்கு எழுதவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதும் கை இயங்கவில்லை.

நடந்ததைப் பார்த்தவர் மூன்று பேர். வெட்டியவன் மறுத்தான். சுமதி, "அம்மா வழுக்கிக் கத்தி மேல வுயுந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் இருந்தது அவன் அண்ணன் வீட்டுக் காவலில். அப்படிச் சொல்லாமல் இருந்தால் அவளுக்கு மறுநாள் விடிந்திருக்காது. ஆகவே மிஞ்சியது அந்த வெட்டுப்பட்ட வாய் ஒன்றுதான். அது சொல்வது எடுபடாவிட்டால் அவன் விடுதலையாகி வருவான், மகள் அந்தக் கத்தியோடு ஒரே கூரையில் படுக்க வேண்டும். தனக்கோட்டியம்மாளுக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை. கஞ்சி விழுங்கும்போது ரத்தம் கசிந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் பேச உட்கார்ந்தாராம்.

'உட்கார்ந்தாராம்' என்று எழுதக் காரணம், அப்போதெல்லாம் நான் அவரைப் பார்த்ததும் இல்லை, அவர் குரலைக் கேட்டதும் இல்லை. கேட்கக் கூடாது என்பது அமலி மேடத்தின் கட்டளை. அவருடைய வேலைமுறை அப்படி. ஒருவர் பேச்சை ஒலிக்குறியில் எழுதினால், அந்தக் குரலையே கேட்டிராத இன்னொருவர் அதைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்ததும் ஒலிப்பதிவும் ஒத்துப்போனால் அந்தத் தாள் பிழைக்கும். இல்லையென்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். அதற்குக் 'குருட்டு வாசிப்பு' என்று பெயர் வைத்திருந்தார். கமலாவுக்குப் பயிற்சி நடக்கும் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்து, எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து, குருட்டு வாசகனாக்கிக் கொண்டார்.

முதல் சில வாரங்கள் என்னால் முடியவே இல்லை. யாரோ ஒருவர் 'கயுத்து' என்று சொன்னதை அவர் எழுதியிருப்பார். என் நாக்கு தானாகவே 'கழுத்து' என்று படித்துவிடும். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் ழகரத்தைத் திருத்தியவன் வேறு எப்படிப் படிப்பான்? அவர் மேசையில் அடித்தார்.

"சார், உங்க 'ழ'வக் கொண்டுபோயி உங்க வூட்ல வையிங்க. இங்க இந்தாளு வாயில இன்னா இருந்துச்சோ அதான் வேணும்."

"புரியத்தானே செய்கிறது, அமலி?"

"புரிஞ்சத எழுதறதுக்கு நான் எதுக்கு? புரிஞ்சத எழுதாதிங்க. கேட்டத எழுதுங்க. புரிஞ்சது உங்களோடது. கேட்டதுதான் அவங்களோடது."

தனக்கோட்டியம்மாளின் வாக்குமூலத்தை அவர் அப்படித்தான் எழுதினார். மேலே ஒலிக்குறி, கீழே அதன் பொருள். கோப்பைக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார். அங்கே ரைட்டர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், அதை அவர் பழகிய பழைய தமிழ் மென்பொருளில் ஒட்டி அச்செடுத்துவிட்டார். அந்த மென்பொருளுக்கு இந்த எண்களில் ஒன்றும் தெரியாது. தெரியாத எண்ணைப் பார்த்தால் அது ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். யூனிகோடில் இருந்த தமிழும் அப்படியே ஆயிற்று. தாள் முழுவதும் கேள்விக்குறிகள். இடையிடையே அனாதையாகச் சில ஆங்கில எழுத்துகள். அதுவே நீதிமன்றத்துக்கும் போனது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "பக்கம் முழுக்கக் கேள்விக்குறிங்கம்மா. சாட்சிக்கே ஒண்ணும் தெரியல, நம்மளக் கேக்குது" என்றாராம். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் சுமதியின் கணவனும் சேர்ந்துகொண்டான். நீதிபதி அம்மையார் சிரிக்கவில்லை. சரியான படியை அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் அவர்கள் வந்தார்கள். நல்ல மதிய நேரம். கமலா கண்ணாடி முன் உட்கார்ந்து உதட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். வெட்டியவனின் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்கள்.

"யாருடி அது, அந்தப் பொம்பளைக்கு எழுதிக் குடுக்கறது?"

"நான்தான். உக்காருங்க. நாக்க நீட்டுங்க பாப்போம்" என்றார் அமலி மேடம்.

இரும்பு முக்காலியைத் தூக்கிக் கணினித் திரையில் அடித்தார்கள். பெட்டியைத் தரையில் போட்டு மிதித்தார்கள். நான் குறுக்கே போனேன். ஒருவன் என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதில் சுவரில் மோதி விழுந்தேன், என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இல்லாமல் எனக்கு எல்லாம் மங்கல்தான், காது மட்டும் வேலை செய்தது. அண்ணன்காரன், "எழுதற கையா இது?" என்றான். பீரோக் கதவு மூடும் ஓசை கேட்டது. அதற்குள்ளே இன்னொரு ஓசை, காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து முறிப்பது போல. அவர் வலது கை அந்தக் கதவிடுக்கில் இருந்தது.

அவர் அலறவில்லை. அலறியவன் அவன். அவர் அவனுடைய முன்கையைக் கடித்துப் பிடித்திருந்தார். இரண்டு பேர் சேர்ந்து தலைமுடியைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. கமலா வாசலுக்குப் போய், வார்த்தை வராத வாயால் தெருவே கேட்க ஊளையிட்டாள். பக்கத்து வெல்டிங் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ரத்தம் சொட்டும் கையோடு அண்ணன்காரனும் கூட வந்தவர்களும் ஓடிப்போனார்கள்.

ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும்போது அவர் கை துணியில் சுற்றிய மண்ணாங்கட்டி போல வீங்கியிருந்தது. உதட்டில் அந்த ஆளின் ரத்தம். என்னிடம் சொன்னார்: "அவன் கத்துனத கேட்டிங்களா சார்? மொதல்ல தொண்ட அடைப்பு. அப்பறம் உயிரெழுத்து, மூக்கு வழியா. அவ்ளோ சுத்தமான எக்ஸாம்பிள் எனக்குக் கெடைச்சதே இல்ல."

"பேசாமல் வாங்க, அமலி."

"பேசாம வந்தா வலிக்குது."

கணினியோடு கோப்பும் போயிற்று; காவல் நிலையத்தில் மிஞ்சியிருந்தது கேள்விக்குறிகள்தான். ஆனால் தனக்கோட்டியம்மாளின் ஒலிப்பதிவு அமலி மேடத்தின் கைப்பேசியில் இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட மூன்றாம் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்களிடம் இருந்தது பேரப்பிள்ளைகள் விளையாடும் பழைய கணினி. அதில் ஒலிக்குறிக்கென்று விசைப்பலகை ஏதுமில்லை. அவர் காதுக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, இடது கை ஒற்றை விரலால் எண்களைத் தட்டத் தொடங்கினார். 0294 என்று தட்டி, ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்துவார். எண் மறைந்து ʔ வந்து உட்காரும். கேள்விக்குறியிலிருந்து கீழ்ப்புள்ளியை நீக்கிவிட்டாற்போல இருக்கும் இந்த எழுத்து, தொண்டையில் காற்றை ஒருகணம் அறுத்து நிறுத்தும் ஒலிக்கு உரியது. நாக்கு நுனி இல்லாத வாய், த-வும் ட-வும் வரவேண்டிய இடத்தில் அதைத்தான் வைத்துக்கொள்ளும். 014B என்றால் ŋ, நமது ங. 028B என்றால் ʋ, நமது வ. 0263 என்றால் ɣ, தொண்டை கரகரக்கும் ஒலி. ர போன இடத்தில் வருவது. எண்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கமலா பக்கத்தில் உட்கார்ந்து, 0294-க்கு அவர் 0284 என்று தட்டியதைத் திரையில் பார்த்து, "எ...ட்டு... இல்ல" என்று ஒருமுறை தவறு கண்டுபிடித்தாள். அமலி மேடம் அவளை முறைத்துவிட்டு, "ஒம் புருஷனவிட நீ தேவல" என்றார். இதெல்லாம் பிறகு கேட்டறிந்தது; என்னை அடுத்த அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். எந்த வரியும் என் கண்ணில் படக் கூடாது.

வாய்தா நாள். அமலி மேடம் கழுத்தில் தூளிக் கட்டோடு உள்ளே போனார். நான் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கேட்டார்.

"நீங்க இன்னா சார், சாட்சியா?"

"இல்லப்பா. படிக்க வந்திருக்கேன்."

"கோர்ட்டுல இன்னா சார் படிப்பு? பரீச்சையா?"

"அப்படித்தான் வச்சுக்க."

உள்ளே நடந்ததைப் பிறகு சொல்லக் கேட்டேன். வழக்கறிஞர் புதிய தாளையும் ஏற்கவில்லை. "இந்தக் கொக்கியும் வளையமும் எந்த நாட்டு பாஷை? இந்தம்மா தனக்குத் தோணினத கிறுக்கிட்டு சாட்சி சொன்னதுன்னு சொல்றாங்க. இத இன்னொருத்தர் படிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறார். அமலி மேடம், "முடியும். வெளிய நிக்கிறார். சாட்சி கொரல அவரு கேட்டதே கெடையாது" என்றிருக்கிறார். நீதிபதி ஒரு முடிவு செய்தார். முன்பு கொடுத்த இரண்டு தாள்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, தனக்கோட்டியம்மாளைப் புதிதாகப் பேசச் சொன்னார். நீதிமன்ற ஒளிப்பதிவு ஓடியது. அமலி மேடம் நீதிமன்றக் கணினியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, எண் எண்ணாகத் தட்டி அவர் பேசியதை எழுதினார். பொருளை எழுதக் கூடாது, ஒலிக்குறி மட்டும். இந்த முறை பழைய மென்பொருள் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் எண்ணோடு அச்சில் வந்தது. பிறகு என்னை அழைத்தார்கள்.

தாளை வாங்கினேன். கூண்டுக்குள் ஒல்லியான ஓர் இளைஞன் நின்றான். இவனா என்று தோன்றியது. அவன் சொந்தக்காரர்கள் வரிசையில், முக்காடு போட்டதுபோல முந்தானையை இழுத்துக்கொண்டு ஒரு பெண். எதிரே முகத்தின் ஒரு பக்கம் உள்வாங்கிப் போன ஒரு தாய். யாரும் அறிமுகம் செய்யவில்லை, தேவைப்படவும் இல்லை.

முதல் வரி இப்படி இருந்தது:

emmaʋa kajuʔuʔa kaʔija ʋehãː. ŋãː kuɣukka puːʔã.

நான் பொருளைத் தேடவில்லை. தேடினால் திருத்திவிடுவேன் என்று தெரியும். ஒவ்வோர் எழுத்தும் சொன்ன இடத்தில் வாயை வைத்தேன். தொண்டையை அடைக்கச் சொன்ன இடத்தில் அடைத்தேன். மூக்கில் விடச் சொன்ன இடத்தில் விட்டேன். என் வாயிலிருந்து வந்தது என் குரல் அல்ல. நொறுங்கிய, ரத்தம் கட்டிய ஒரு வாயின் பேச்சு. அதில் முதல் சொல் மட்டும் எந்தக் காயமும் இல்லாமல் வந்தது. 'எம்மவ'. உதடும் உயிரும் மட்டுமே வேண்டிய சொல். கத்தியால் அதைத் தொட முடியவில்லை. எஞ்சியது வாயைத் தாண்டிய பிறகுதான் எனக்கே விளங்கியது. எம்மவ கயுத்துல கத்திய வெச்சான். நான் குறுக்க பூந்தன்.

அடுத்த வரியைத் தொடங்கினேன். கூண்டிலிருந்து ஒரு சத்தம்.

"அன்னைக்கே ஒன்ன மொத்தமா அறுத்துப் போட்டிருக்கணும்டி."

அவன் என்னைப் பார்த்துத்தான் கத்தினான். நரைத்த தலையும் வேட்டியும் உள்ள எழுபது வயது ஆணைப் பார்த்து 'டி' போட்டுக் கத்தினான். என் முகம் அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் குரல்தான் தெரிந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துத் தாண்டி என்னை நோக்கி வந்தான். தாள் என் கையிலிருந்து பறந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் அவன் மேல் விழுந்து, தரையோடு அழுத்தி, கையைப் பின்னால் முறுக்கினார்கள். தரையில் முகம் தேய்ந்தபடியே அவன் வசவைத் தொடர்ந்தான். அத்தனையும் தனக்கோட்டியம்மாளுக்கு, என்னைப் பார்த்து. வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி ஒளிப்பதிவைப் போடச் சொன்னார். தனக்கோட்டியம்மாளின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். என்னுடையதும் அதுவும் ஒன்றாகவே இருந்தன. அந்தக் குரல் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முந்தானை இழுத்திருந்த பெண் எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். தையல் கிழியும் ஓசை கேட்டது. சுமதி கிழிந்த புடவையோடு நடந்துவந்து தாயின் பக்கத்தில் நின்றாள்.

"அம்மா வுயலைங்க. அவர்தான் வெட்டினாரு. நான் பொய் சொன்னன்" என்றாள்.

அன்று மாலை அவள் தாய் வீட்டுக்குப் போனாள். தீர்ப்பைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தனக்கோட்டியம்மாளுக்கு வேண்டியிருந்தது மகள் மட்டும்தான்.

வெளியே வந்ததும் அமலி மேடம் என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். "ரெண்டாவது வரில ஒரு நெடிலக் குறிலாப் படிச்சிட்டிங்க. என் நல்ல நேரம், அதுக்குள்ள அவன் கத்திட்டான்" என்றார். சொல்லிவிட்டு, தூளிக் கட்டில் கிடந்த கையை மற்றக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அந்தக் கையின் இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை.

உறுவையாற்றுக் கல்லறையில் அவரை இறக்கியபோது, பங்குச் சாமியார், "யாராவது ரெண்டு வார்த்தை பேசறிங்களா?" என்று கேட்டார். தனக்கோட்டியம்மாள் முன்னே வந்து பேசினார். நீளமாகவே பேசினார். கூட்டத்தில் பலருக்கு விளங்கவில்லை. ஒருவர் என் தோளைத் தொட்டு, "இன்னா சொல்றாங்க சார்? நீங்க எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி திரும்பி, "அவங்களே சொல்வாங்க. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க" என்றாள். கூட்டம் கேட்டது. முடிவில் சிலர் தலையசைத்தார்கள், அவர்களுக்கு விளங்கிவிட்டது.

அமலி மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிவப்பு மையோடு வாழ்ந்தவன் நான். பிள்ளைகள் வாயைத் திறந்தால் பாதியிலேயே சரியான சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன்; அதைத்தான் கற்பித்தல் என்று நம்பினேன். கமலாவின் வாக்கியங்களையும் அப்படித்தான் முடித்துவைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு உதவுவதாக எண்ணம். இப்போது அவள் பேசும்போது நான் பொறுத்திருக்கிறேன். சில நேரம் ஒரு வாக்கியத்துக்கு ஒரு டம்ளர் காபி ஆறிப்போகிறது. அவளே முடிக்கிறாள். அவள் முடிப்பது பல நேரங்களில் நான் முடித்துவைத்திருக்கக்கூடியது அல்ல. போன வாரம் அவள் முடித்ததெல்லாம் என்னைத் திட்டுவதாகவே இருந்தது. அமலி எனக்கு விட்டுப்போனது இந்தப் பொறுமைதான். அத்தனை கோபக்காரரிடமிருந்து அது கிடைத்தது.

உங்கள் வீட்டில் பேச்சுத் திருந்தாத ஒருவர் இருந்தால் — நோயாளியோ, திக்குகிறவரோ, பல் போன முதியவரோ — இன்று அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தை இடையில் புகாமல் கேளுங்கள். ஒரு சொல்லையும் திருத்தாமல் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.